காட்டு வெற்றிலை

என் தம்பி பெண்டாட்டி ஹானுக்குப் பால் சுரக்கவில்லை. குழந்தையோ மாதம் நிறையாமல் பிறந்து, மாகாண ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. பேய் பிசாசின் கண் படாமல் இருக்க, எங்கள் செவ்வாற்றங்கரையில் குழந்தைக்கு அசிங்கமாகத்தான் வீட்டுப்பேர் வைப்போம். நான் நண்டு என்று வைத்தேன். "தாய்ப்பால் கொண்டு வாங்க, மத்ததெல்லாம் அப்புறம்" என்று சொல்லி, தாயை மட்டும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார் டாக்டர்.

அப்புறம் என்ன? நான் இருக்கிறேனே. விடிந்ததும் சந்தையில் பன்றிக்கால் வாங்கி, ரோமம் போகத் தீயில் வாட்டி, பச்சைப் பப்பாளியைத் துண்டு போட்டு, எலும்பு கழன்று வரும்வரை கொதிக்க விடுவேன். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற எங்கள் ஊரில் இதைவிட்டால் வேறு மருந்து கிடையாது.

"மறுபடியும் பன்னிக்காலாக்கா? இப்படியே போனா நானே நாலு கால்ல நடக்கப்போறேன்."

"நட. நடந்துகிட்டே குடி. ஒரு சொட்டு மிச்சம் வெச்சே, மூக்கைப் பிடிச்சு ஊத்துவேன்."

கிண்ணம் காலியாகும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். அழுதுகொண்டே குடிப்பாள். பிறகு பால் எடுக்கும் பம்பை வைத்துப் பிழிந்தால் பாட்டிலின் அடிதான் நனையும். அதையும் என் தம்பி வின் ஐஸ் பெட்டியில் வைத்து பைக்கில் கொண்டுபோவான்.

அவனுக்குப் பிடித்த காட்டு வெற்றிலைச் சுருளை மட்டும் நான் செய்யவே இல்லை. கொத்திய இறைச்சியை அந்த இலையில் சுருட்டிப் பொரித்தால் தெருவே மணக்கும். ஆனால் அந்த இலை பாலை வற்ற வைத்துவிடும். கொல்லையில் தொட்டியோரம் மண்டிக் கிடந்ததை ஒருநாள் வின் பறித்து வந்தபோது, கரண்டியால் கையில் ஒன்று போட்டேன்.

"உன் நாக்குக்காக எம் மருமகன் பட்டினி கிடக்கணுமாடா?"

இந்த இலை வாசனைகூட உன் பக்கம் வரக்கூடாது என்று ஹானிடமும் கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன்.

அந்த வியாழக்கிழமை காலையில் அவள் போட்ட கூப்பாட்டில் ஓடினேன். பாட்டிலின் கழுத்துவரை பால். இன்னொரு பக்கம் தானாகவே சொட்டிக்கொண்டிருந்தது.

"பாருங்கக்கா! உங்க பன்னிக்கால்..." சிரிக்கிறாள், அழுகிறாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. கர்வமும்தான், அதை ஏன் மறைக்க வேண்டும்?

வின் பாட்டிலோடு பறந்தான். நான் அடுத்த பானையை ஏற்றினேன்.

மத்தியானம் அவன் கொல்லை வழியாக அடுக்களைக்குள் வந்து ஐஸ் பெட்டியைத் தரையில் வைத்தான். திறந்து பார்த்தேன். பால் அப்படியே இருந்தது.

"நான் போறதுக்குள்ள போயிட்டான்க்கா. துணி சுத்தி வெச்சிருந்தாங்க." சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினான். "அவகிட்ட நீங்க சொல்லுங்க. என்னால முடியாது."

என்னால் மட்டும் முடியுமா? ஊரில் யாருக்கும் பயப்படாத வாய் என்னுடையது. அன்று அது திறக்க மறுத்தது.

அறையிலிருந்து ஹான் குரல் கொடுத்தாள். "அக்கா, சூப் ஆச்சா? ரெண்டு கிண்ணமா குடுங்க, பசிக்குது. மறுபடி பால் கட்டிகிச்சு. அவர் வந்ததும் இன்னொரு பாட்டில் குடுத்தனுப்பலாம்."

அத்தனை நாளில் அவளாகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

பானைக்குள் கரண்டியை விட்டேன். இதைக் குடித்தால் இன்னும் ஊறும். ஊறி யாருக்கு? அடுப்பை அணைத்துவிட்டுக் கொல்லைக்குப் போய் இலை பறித்தேன். இறைச்சியைக் கொத்தினேன், சுருட்டினேன், பொரித்தேன். வின் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான்.

சோற்றோடு தட்டை அவள் முன்னால் வைத்தேன்.

"என்னக்கா, மறந்துட்டீங்களா?" தட்டைத் தள்ளினாள். "இதை நான் சாப்பிடக் கூடாதே. நீங்கதானே..."

நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கதவோரம் நின்ற வின்னைப் பார்த்தாள். தரையில் வைத்த ஐஸ் பெட்டியை மறுபடி கையில் எடுத்திருந்தான்; மூடாத பெட்டிக்குள் காலைப் பால் அப்படியே தெரிந்தது.

நான் தட்டை மறுபடியும் அவள் பக்கம் நகர்த்தினேன். "சாப்பிடு கண்ணு" என்றேன். அதற்கு முன் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை.

அவள் சட்டையின் முன்பக்கம் நனைந்து ஈரம் பரவிக்கொண்டிருந்தது. ஒரு சுருளை எடுத்து வாய்வரை கொண்டுபோனாள். திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

"வேண்டாம்க்கா" என்றாள். "பால் வத்திடும்."