மொட்டை வேஷம்

ஆடிக் கிருத்திகை முடிந்த மறுநாள், பத்தாம் வகுப்பு பி பிரிவுக்குள் தேசப்பன் காலை வைத்ததும் முதல் குட்டு விழுந்தது. யாரென்று திரும்புவதற்குள் இரண்டாவது. மூன்றாவதை வகுப்பே எழுந்து நின்று ராகம் போட்டு எண்ணியது. தலையில் பூசிய சந்தனம் இன்னும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. குட்டியவன் விரலிலும் அது ஒட்டியிருக்கும். பிரசாதம் என்று நெற்றியில் இட்டுக்கொண்டானோ என்னவோ, யார் கண்டது.

திருத்தணியில் மொட்டை ஒரு சங்கதியா? வருஷம் முழுக்க இந்த ஊரில் எதிரே வருகிற தலைகளில் பாதி மொட்டைதான். ஆடியில் கேட்கவே வேண்டாம். சரவணப் பொய்கைக் கரையில் போலீஸ்காரர், பொரி விற்கிறவர், கல்யாணம் நிச்சயமான மாப்பிள்ளை எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து, ஊர்வம்பு பேசிக்கொண்டே தலையைக் கொடுப்பார்கள். தேசப்பனே இதற்கு முன் நான்கு முறை கொடுத்தவன். ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

எல்லாம் அந்தப் படம் செய்த வேலை. ஊர்க் கொட்டகையில் மூன்று வாரம் ஓடியது. மெட்ராஸ் பள்ளிக்கூடப் பையன்களைப் பற்றிய சிரிப்புப் படம். கதாநாயகனுக்குச் சுருட்டை முடி, தரையைக் கூட்டுகிற பெல்பாட்டம். அவனோடு ஒட்டிக்கொண்டு ஒரு தத்தி வருவான். அம்மா வேண்டுதல் என்று மொட்டையடித்து அனுப்பிய பிள்ளை. வாத்தியார் குட்டுவார், கதாநாயகன் குட்டுவான், மணி அடிக்கிற பியூன்கூட ஒரு குட்டு வைத்துவிட்டுப் போவான். ஒவ்வொரு குட்டுக்கும் தவில் சத்தம். அவனுக்குப் பிடித்த பெண்ணோ அவன் தலையைக் கண்ணாடியாக்கிப் பொட்டைச் சரிசெய்துகொண்டு கதாநாயகனோடு போய்விடுவாள்.

அதைத் தேசப்பனும் இரண்டு தடவை பார்த்தான். தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தான். அப்போது அவன் தலையில் முடி இருந்தது. இப்போது அதை நினைத்தால் ஊர் மேல் வருகிற கோபத்தைவிடத் தன் மேல்தான் அதிகமாக வந்தது.

கிருத்திகைக்கு முன்பே அம்மாவிடம் கெஞ்சிப் பார்த்திருந்தான்.

"இந்த வருசம் வாணாம்மா. பரீச்ச முடிஞ்சதும் அடிச்சிக்கிறேன்."

குப்பம்மாள் தறிக்கு நூல் சுற்றுகிற ராட்டையை நிறுத்தவில்லை. "மஞ்சக்காமாலைல கண்ணு சொருகிகினு கெடந்தியே, அப்ப வேண்டிகினது. சாமிகிட்ட போயி, எம்புள்ளைக்கு வெக்கமா கீதாம், அப்புறம் வரோம்னு சொல்லட்டுமா?"

பிழைத்து உயிரோடு இருக்கிறவன் தலையைக் கொடுக்காமல் வேறு என்ன செய்ய முடியும்?

தமிழ் வாத்தியார் ஜெகநாதன் சுதந்திர தினத்துக்கு வருஷா வருஷம் வெள்ளைக்காரனை விரட்டுகிற நாடகம் போடுகிறவர். இந்த வருஷம் அவருக்கும் அந்தப் படத்தின் பைத்தியம் பிடித்துக்கொண்டது. அதில் வருகிற வகுப்பறைக் காட்சியை அப்படியே மேடையேற்றுவது என்று முடிவு செய்தார். கதாநாயகன் வேஷம் நாகேந்திரனுக்கு. மலையடிவாரத்தில் லாட்ஜ் வைத்திருக்கிறவரின் மகன். அந்த லாட்ஜில் யார் தங்குகிறார்கள்? மொட்டையடிக்க வருகிறவர்கள்தானே! மொட்டைகள் போட்ட சோற்றைத் தின்று வளர்ந்த கை, மொட்டையைக் குட்டத் தயாராக நின்றது.

"வாடா தேசப்பா! மேக்கப்பே வாணாம் ஒனக்கு. அப்படியே மேடையேறிடலாம்" என்றார் வாத்தியார்.

"எனக்கு நடிக்க வராது சார்."

"ஒன்ன யாரு நடிக்கச் சொன்னா? தலையக் குனிஞ்சிகினு நில்லு. மீதிய நாகேந்திரன் பாத்துப்பான்."

"இது வேண்டுதல் சார்."

"அதுக்கு இன்னா? சாமியா வந்து கோச்சிக்கப் போறாரு?"

வகுப்பு சிரித்தது. பழனியில் அந்தச் சாமியே மொட்டையாகத்தான் நிற்கிறார், அங்கே போய்க் குட்டுவீர்களா என்று தேசப்பனுக்கு நாக்கு நுனிவரை வந்தது. வாத்தியார் கையில் பிரம்பு இருந்தது. விழுங்கிவிட்டான்.

கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடித்ததும் நாடகம். மைதானத்தில் விரித்த ஜமக்காளத்தில் இடம் கொள்ளாத கூட்டம். தேசப்பன் சொன்னபடி தலையைக் குனிந்து நின்றான். நாகேந்திரன் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வந்து முதல் குட்டு வைத்தான். திரைக்குப் பின்னால் தவிலில் ஒரு அடி விழுந்தது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. இரண்டாவது குட்டுக்குச் சிரிப்பு இன்னும் பெரிதாக எழுந்தது. அது அடங்காமல் நீண்டுகொண்டே போகவும், இப்படியும் சிரிக்கிறவர்கள் யார் என்று தேசப்பன் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

அத்தனையும் மொட்டை. கிருத்திகை போய் ஆறு நாள்தான் ஆகியிருந்தது. ஜமக்காளம் முழுக்க, வரிசை வரிசையாக, மழித்த தலைகள் வெயிலில் மின்னிக்கொண்டு குலுங்கின. மூன்றாவது வரிசையில் அவன் நைனா பக்தவச்சலம். தறியை நிறுத்திவிட்டு மகன் நடிப்பைப் பார்க்க வந்திருந்தார். மகனோடு பொய்கைக் கரையில் உட்கார்ந்து அவரும் தலை கொடுத்திருந்தார். கண்ணில் நீர் வர, தொடையில் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். எதைப் பார்த்துச் சிரிக்கிறார் இந்த மனுஷன்? தேசப்பனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"குனிடா" என்று நாகேந்திரன் பல்லைக் கடித்தான். மூன்றாவது குட்டுக்கு ஓங்கிய கை அப்படியே நின்றது. பக்கத் திரைக்குள்ளிருந்து வாத்தியாரும் குனி குனி என்று ஜாடை காட்டினார். தேசப்பன் குனியவில்லை. இரண்டு எட்டு முன்னால் வந்து மைக்கைப் பிடித்தான்.

"நைனா! சிரிச்சது போதும், நீயும் மேல ஏறி வா. நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே கத்திதானே வெச்சாங்க. உன் தலையையும் குட்டட்டும்!"

இதுவும் நாடகத்து வசனம்தான் என்று கூட்டத்துக்குத் தோன்றியிருக்க வேண்டும். இதுவரை சிரித்ததெல்லாம் ஒன்றுமில்லை என்கிற மாதிரி ஒரு சிரிப்பு கிளம்பியது. கை தட்டினார்கள், விசில் அடித்தார்கள்.

பக்தவச்சலம் மட்டும் சிரிப்பதை நிறுத்தியிருந்தார். எழுந்திருப்பதா உட்காருவதா என்று தெரியாமல் பாதி எழுந்து நின்றார். பக்கத்தில் இருந்த இன்னொரு மொட்டைக்காரர், குலுங்கிச் சிரித்தபடியே, கையை எட்டி அவர் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தார். திரைக்குப் பின்னால் தவில் தப்பாமல் ஒலித்தது.