மிக்ஸி ஓடிய மெட்டு

மூன்று வருடமாக அந்த இசையமைப்பாளர் தன் மெட்டுகளை டிவி தொடர் எடுப்பவர்களுக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தார். பதில் என்று ஒன்றுகூட வந்ததில்லை. அதற்கு அவரும் ஒரு காரணம். கோப்புக்கு ‘புதுசு’, ‘புதுசு கடைசி’, ‘இதுதான் கடைசி’ என்றெல்லாம் பேர் வைப்பாரே தவிர, தன் பேரைப் போட மாட்டார். நல்ல மெட்டு தானே பேசும் என்பது அவர் கொள்கை. தன் மெட்டு ஒன்றைத் திரையில் கேட்டுவிட வேண்டும், கூடவே தன் பேரையும் பார்த்துவிட வேண்டும் என்பது ஆசை. கொள்கையும் ஆசையும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவே இல்லை.

ஒருநாள், தெரிந்தவர் ஒருவர் சொல்லி, ஒரு தொடரின் இயக்குநரே அவரைக் கூப்பிட்டனுப்பினார். எடிட்டிங் அறையின் திரையில் கதாநாயகி மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

“இந்த சீனுக்கு தற்காலிகமா ஒரு மியூசிக் ஓட்டி வெச்சிருக்கோம் சார்,” என்றாள் எடிட்டர். “யாரோ வெளிநாட்டுக்காரர் போட்டது. உரிமை வாங்கலாம்னா ஆளே யாருன்னு தெரியல. அதான், இதே மாதிரி, ஆனா இது இல்லாம, ஒண்ணு போட்டுக் குடுங்க.”

ஓடவிட்டாள். இரண்டாவது ஸ்வரத்திலேயே அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவருடைய மெட்டு!

இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டு உருகினார். “கடைசியில வருது பாருங்க, அந்த உறுமல்! பூமிக்கடியிலேருந்து துக்கம் கிளம்புது. நம்ம ஆளுங்க தலைகீழா நின்னாலும் இது வராது சார்.”

அந்தத் துக்கம் அவர் வீட்டு மிக்ஸி. பதிவு செய்தபோது பக்கத்து அறையில் மனைவி அரைத்துக்கொண்டிருந்தாள். மைக்கில் விழுந்த அந்தச் சத்தத்தை வீணாக்க மனமில்லாமல், அதன் வேகத்தைக் குறைத்துக் கடைசியில் தனியாகச் சேர்த்திருந்தார்.

“சார், இது என்னோடது.”

இருவரும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அவர் லேப்டாப்பைத் திறந்து வயலினைத் தனியாக, புல்லாங்குழலைத் தனியாக, கடைசியில் மிக்ஸியைத் தனியாக ஓட்டிக் காட்டினார்.

இயக்குநரின் முகம் தொங்கிப்போயிற்று. “ஓ... உங்களோடதா?” மெட்டை மறுபடி ஓடவிட்டுக் கேட்டார், இந்த முறை கண்ணைத் திறந்துகொண்டு. “இப்பக் கேக்கும்போது சாதாரணமா இருக்கே.”

“ஆமா சார், வயலின்கூட சுமார்தான்,” என்றாள் எடிட்டர். காலையில் அதே வயலினுக்கு இரண்டு முறை மூக்கைச் சிந்தியவள் அவள். “எதுக்கும் எல்லாத்தையும் தனித்தனியா குடுத்துட்டுப் போங்க. சொல்லி அனுப்பறோம்.”

கொடுத்துவிட்டு வந்தார். இந்த முறையும் பேர் போடாமல்தான் கொடுத்தார். யாரோ போட்டதாக இருந்தவரை பொன்னாக இருந்தது, தன்னுடையது என்றதும் பித்தளையாகிவிட்டதே என்று அவருக்கு நெஞ்சு எரிந்தது. அதன்பின் அங்கிருந்து தகவலே இல்லை.

தொடர் ஒளிபரப்பான மாலை கணவனும் மனைவியும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். மாடிப்படி வந்தது. வயலின் இல்லை, குழல் இல்லை, ஒரே அமைதி. கதாநாயகி நிமிர்ந்தபோது உறுமல் மட்டும் எழுந்தது. முடிவில் ஒரு வரி ஓடியது: ‘சிறப்பு ஒலி: இயக்குநர்’.

“என்னங்க, அது நம்ம மிக்ஸிதானே?”

அவர் எழுந்தார். சமையலறைக்குப் போய், தடித்த பேனாவால் மிக்ஸியின் மேல் தன் பேரைக் கொட்டை எழுத்தில் எழுதினார்.

மனைவி பின்னாலேயே வந்து பார்த்தாள். “நல்லா இருக்கே நியாயம்! அரைச்சது நான். என் பேர் எங்க?”