இன்னாசியின் வயிறும் ஃபில்டர் தண்ணீரும்

1969ஆம் வருடத் தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ராயபுரத்தில் நற்கருணை வாங்க வரிசையில் நின்ற இன்னாசியின் வயிற்றுக்குள் கிடந்த மாட்டுக்கறி வறுவலைக் கோயில் சனம் மொத்தமும் பார்த்தது. வியர்வையில் நனைந்த மல் ஜிப்பா உடம்போடு ஒட்டியிருந்ததால் தேங்காய்ச் சில்லுகூடத் தெளிவாகத் தெரிந்தது. தவக்கால வெள்ளியில் சுத்தபோசனம், கறி தொடக்கூடாது. தாவூது கடை வறுவல்தான் என்று பார்த்ததுமே நாலைந்து பேர் சொன்னார்கள். அவர்களுக்கு அது எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை.

எல்லாம் அவன் மனைவி வியாகுலம்மாள் மூர் மார்க்கெட்டில் வாங்கிய பீங்கான் ஃபில்டர் செய்த வேலை. எதிர்வீட்டில் மஞ்சள் காமாலை வந்ததிலிருந்து, குழாய்த் தண்ணீரைத் துணியில் வடித்து, கொதிக்க வைத்து, ஆற்றி, ஃபில்டரில் ஊற்றி, அதில் சொட்டுவதைத்தான் குடிக்கவும் உலை வைக்கவும் வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தாள். முதலில் மீன் குழம்பு நிறம் போய், சட்டியின் அடி தெரிந்தது. பிறகு ஹார்பரில் மூட்டை தூக்கிவிட்டு வந்து சொம்பு சொம்பாகக் குடிக்கும் இன்னாசி, தொப்புளிலிருந்து தொண்டைவரை கண்ணாடியாகிப் போனான். டாக்டர் பார்த்துவிட்டு, எக்ஸ்ரே செலவு மிச்சம் என்றார். சட்டைக்குள் இருந்தவரை அது யார் கண்ணையும் உறுத்தவில்லை.

பல வருடம் காத்திருந்து, பெரிய வெள்ளிக்கிழமை ஊர்வலத்தில் சிலுவை சுமக்கும் முறை அந்த வருடம்தான் இன்னாசிக்கு வந்திருந்தது. வயிற்றில் மாட்டை வைத்திருப்பவனுக்குத் தோளில் சிலுவை எதற்கு என்றார் விழாக் கமிட்டித் தலைவர் செல்வநாதன். அவருக்கு ஒரு மைத்துனர் இருந்தார், தோளும் காலியாக இருந்தது. இன்னாசி அழுதான். அழுகை தொண்டையை அடைப்பது வெளியிலிருந்தே தெரிந்தது. அதைப் பார்க்க வியாகுலம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

ஒரு குடம் ஃபில்டர் தண்ணீரோடு கமிட்டிக்குப் போனாள்.

"எங்கூட்டுக்காரு துன்னது தப்புதான், இல்லன்னு சொல்லல. பெரிய வெள்ளி வரைக்கும் நீங்க எல்லாரும் இத்த குடிங்க. அன்னிக்கு எவன் வவுறு காலியா கீதோ, அவன் சிலுவைய தூக்கட்டும்."

செல்வநாதனுக்குத் திடீரென்று சளி பிடித்துக்கொண்டது. மைத்துனருக்கு எண்ணூரில் அவசர வேலை வந்தது. மற்றவர்களுக்குத் தாகமே இல்லை.

பெரிய வெள்ளியன்று இன்னாசி சட்டையில்லாமல் சிலுவை சுமந்தான். துடைத்து வைத்த அரிக்கேன் கண்ணாடி மாதிரி இருந்த அந்தக் காலி வயிற்றைப் பார்த்துப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் அவனேதான் சுமந்தான். வேறு யாரும் முறை கேட்கவில்லை.

முதல் வருடம் வீடு திரும்பியதும், வலிக்கும் தோளைத் தடவிக்கொண்டே கேட்டான்.

"ஏம்மே, நீயும் அந்தத் தண்ணிதான குடிக்கிற. உன் வவுறு மட்டும் ஏன் தெரியல?"

வியாகுலம்மாள் கஞ்சியை ஊற்றி அவன் கையில் கொடுத்தாள்.

"அது இன்னாய்யா தண்ணி, சப்புன்னு கீது. எனுக்கு பம்பு தண்ணிலதான் தனியா உலை. உனுக்கு காமாலை வந்து பூட்டா நான் எங்க போவேன்?"

இன்னாசி கஞ்சியைக் குடித்தான். அது சரியாகப் போய்ச் சேர்கிறதா என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.