சுக்ரே சாலை திறந்திருக்கிறதா

அந்த அம்மாள் பேருந்து நிலையத்தின் கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே வருவதைப் பார்த்ததும் பெனித்தா சட்டென்று குனிந்து மேசை இழுப்பறையைத் திறந்தாள். எடுப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. ஒரு பேனா மூடி, காய்ந்த ஆரஞ்சுத் தோல், அவ்வளவுதான். அதையே காது சூடேறத் துழாவினாள். உருகுவேயிலிருந்து கணவரோடு வந்திருந்த இர்மா என்கிற அந்த அம்மாளை நேற்று மதியம் மலைக்குக் கீழே சுக்ரே ஊருக்குப் போகும் பேருந்துக்கு அனுப்பிவைத்தவளே அவள்தான். சுக்ரேயில் இருக்க வேண்டியவர் இன்று காலை மறுபடியும் உயரமான மலையூரான பொத்தோசியில், தலை கலைந்து, தனி ஆளாக நிற்கிறார். வழியில் என்ன நடந்திருக்கும் என்று யாரும் பெனித்தாவுக்கு விளக்க வேண்டியதில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு யோசனை சொல்வது அவள் வேலை. அதில் கெட்டிக்காரி என்று பெயர். "வந்த அன்னிக்கு அரை வயிறு சாப்பிடுங்க. மேட்டுத் தெருவுல ஏறாதீங்க. கோக்கா இலைத் தண்ணி குடிங்க. பெரிய நோட்ட நீட்டாதீங்க, எவனும் சில்லறை தரமாட்டான். பஸ்ல பையை மடியில வச்சுக்குங்க. கழிப்பறைக்குக் காகிதம் நீங்களே கொண்டு போயிடுங்க" என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போவாள். வந்தவனுக்கெல்லாம் மூச்சு முட்டுகிற ஊரில் அப்படிப் பேசுவதே பெரிய காரியம். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுப் போய், அரை வயிற்றுக்குப் பதில் லாமா என்கிற மலை மிருகத்தின் கறியை வயிறு முட்டத் தின்றுவிட்டு மாலையில் மயங்கி விழுவார்கள். அது அவள் தப்பில்லை.

ஆனால் உண்மையில் முதலாவதாகச் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை. அந்த ஊரில் யாரிடம் வழி கேட்டாலும் தெரியாது என்று பதில் வராது. கேட்டவரை வெறுங்கையோடு அனுப்புவது மரியாதையில்லை, வாசலில் வந்து நின்றவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துகிற மாதிரி. கேள்வியே படாத தெருவாக இருந்தாலும், நேராகப் போய் இடது பக்கம் திரும்புங்கள் என்று சிரித்த முகத்தோடு அனுப்பிவைப்பார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு இது பழக்கம். இரண்டு மூன்று பேரிடம் கேட்டு, எந்தக் குரலில் தயங்குகிற இழுவை குறைவோ அதை எடுத்துக்கொள்வார்கள். சொல்கிறவர்மேல் யாருக்கும் வருத்தம் வராது. வெளியூர்க்காரர்கள்தான் முதல் ஆள் சொன்னதையே நம்பிப் போய்விடுவார்கள்.

நேற்று இர்மாவின் கணவர் ஒஸ்வால்தோ இந்த மேசைக்கு எதிரே இருக்கிற பெஞ்சில் சாய்ந்து கிடந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. "கண்ணு, இவருக்கு மூச்சே கெடைக்கல. டாக்டர் உடனே கீழ எறங்கிடுங்கன்னு சொல்லிட்டாரு. சுக்ரே ரோடு தொறந்திருக்கா?" என்று இர்மா கேட்டார். வழியில் பெத்தான்சோஸ் ஊரைத் தாண்டி விவசாயிகள் சாலையில் மறியலுக்கு உட்காரப்போகிறார்கள் என்று காலையில் வரும்போது வேனில் யாரோ சொன்னது பெனித்தாவின் காதில் விழுந்திருந்தது. உட்கார்ந்துவிட்டார்களா என்பது அவளுக்குத் தெரியாது. போன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அந்தப் பக்கம் பஸ் சீட்டு விற்கிறவன் "சுக்ரே! சுக்ரே!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். எதிரே அந்த அம்மாள் வாயைப் பார்த்தபடி நின்றார்.

"தொறந்திருக்கும்மா. சாயங்காலத்துக்குள்ள போய்ச் சேந்துடுவீங்க" என்றாள் பெனித்தா. குரலில் இழுவையே இல்லை. இர்மாவின் முகம் தெளிந்ததைப் பார்த்து அவளுக்கு மனசு நிறைந்துபோனது. பேருந்து கிளம்பியதும் பக்கத்து வண்டியில் ஆப்பி வாங்கிக் குடித்தாள். அந்தச் சூடான ஊதாச் சோளக் கஞ்சி எத்தனை ருசியாக இருந்தது என்பது இப்போது நினைவுக்கு வந்து அவளைக் கூசவைத்தது.

"இங்கதான் இருக்கியா? நல்லவேளை" என்று இர்மா எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று பெனித்தா காத்திருந்தாள். அவர் திட்டவில்லை. சாலையில் பாறையும் டயருமாகப் போட்டு மறித்திருந்தார்களாம். பின்னாலும் வண்டிகள் வந்து அடைத்துக்கொண்டதால் திரும்பவும் வழியில்லையாம். ராத்திரி முழுக்கப் பேருந்திலேயே இருந்தார்களாம். யார் யாரோ போர்வை தந்தார்களாம். விடிந்த பிறகு ஒரு பால் வண்டிக்காரர் வயல் வழியாகத் திருப்பிக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்.

"குழாய் வச்சிருக்காங்க. கண்ணத் தொறந்து பாக்குறாரு, பேச்சு இல்ல" என்றார் இர்மா.

பெனித்தா தலையைக் குனிந்துகொண்டு இழுப்பறையை மூடினாள்.

"நீ எதுக்கு முகத்த இப்படி வச்சிருக்க? நீ சொன்னப்ப தொறந்துதான் இருந்திருக்கும். நாங்க போறதுக்குள்ள மறிச்சுட்டானுங்க. உன்மேல என்ன தப்பு?"

"அதான!" என்று பக்கத்து ஆப்பி வண்டியிலிருந்து வால்தேர் குரல் கொடுத்தான். "பெனித்தாக்கா சொன்னா சொன்னதுதாம்மா. இந்த நெலையத்துல அவங்கள மிஞ்ச ஆள் கெடையாது."

அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்த அம்மாள் தானாகவே ஒரு சாக்கை நீட்டுகிறார், கையை நீட்டி வாங்கிக்கொண்டால் போதும். வாங்கிக்கொள்ளத்தான் அவளுக்கு ஆசையாக இருந்தது. அந்த ஆசைதான் அவளை எல்லாவற்றையும்விட அதிகம் வெட்கப்படவைத்தது.

"இப்ப ஒண்ணு கேக்கணும்" என்று இர்மா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "ஆக்சிஜன் சிலிண்டரோட கார் ஒண்ணு பேசியிருக்கேன். எப்படியும் கீழ எறக்கணும்னுதான் டாக்டர் சொல்றாரு. ரோடு தொறந்தாச்சு, போலாம்னு டிரைவர் சொல்றான். அவன் சவாரிக்காகச் சொல்றானோன்னு இருக்கு. உன்ன ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் அவர வண்டியில ஏத்தணும்னு ஓடிவந்தேன். சொல்லு கண்ணு, தொறந்திருக்கா?"

பெனித்தா போனை எடுத்துச் சாலைப் போலீசுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுப்பார் இல்லை. இர்மா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், நேற்றுப் பார்த்த அதே பார்வை. திறந்திருக்கிறது என்கிற சொல் பழக்கத்தில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"தெரியலம்மா."

"என்னது?"

"எனக்குத் தெரியல. நேத்தும் தெரியாது. மறிப்பாங்கன்னு வேன்ல பேசிக்கிட்டாங்க, நான் கேட்டேன். விசாரிக்காம, தொறந்திருக்குன்னு சொல்லிட்டேன்."

இர்மாவுக்குக் கோபம் வரும் என்று பெனித்தா பார்த்தாள், வரவில்லை. முகம் மட்டும் ஊர் பேர் தெரியாத ஒருத்தியைப் பார்ப்பதுபோல மாறியது.

"ராத்திரி அவருக்குப் பேச்சு இருந்துச்சு" என்றார் மெதுவாக. "நான் பயந்து அழுதேன். அந்தப் பொண்ணு நல்லாத் தெரிஞ்சுதான் சொல்லியிருக்கும், இப்ப தொறந்துடுவாங்க, பொறுத்துக்கன்னு சொல்லிட்டே இருந்தாரு."

எழுந்தார். பையை எடுத்துக்கொண்டு நேராக ஆப்பி வண்டிக்குப் போனார். பெனித்தாவும் எழுந்துவிட்டாள், ஆனால் போன் வயர் அதற்குமேல் நீளவில்லை. காதில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"தம்பி, நீ சொல்லு. சுக்ரே ரோடு தொறந்திருக்கா?"

வால்தேர் பானையைக் கிண்டுவதை நிறுத்தவேயில்லை. "தொறந்தாச்சும்மா! இப்பத்தான் என் மச்சான் அந்தப் பக்கமிருந்து லாரி ஓட்டிட்டு வந்தான். தைரியமாப் போங்க."

வால்தேருக்குக் கல்யாணம் ஆகவில்லை. கூடப்பிறந்த பெண்ணும் இல்லை. அவன் சிரித்த முகத்தோடு கரண்டியைப் பானையிலிருந்து எடுத்துச் சுக்ரே இருக்கும் திசைக்கு நீட்டினான். அதிலிருந்து ஊதாக் கஞ்சி தரையில் சொட்டியது. இர்மா அந்தத் திசையைப் பார்க்கவில்லை. பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்தபடி திரும்பி நின்று பெனித்தாவின் முகத்தைப் பார்த்தார்.