‘விடு’ என்றால் எதை விடுவது?

இன்று நடந்ததை முதலில் எழுதினால் ஒன்றும் விளங்காது. அதனால் தொடக்கத்திலிருந்தே வரிசையாக எழுதுகிறேன். ஷூவைக்கூடக் கழற்றாமல் எழுதுகிறேன். எழுத்து கோணினால் கோணட்டும்.

பழைய கல்லூரியின் கூடைப்பந்து அணியில் அதிகப் புள்ளி எடுத்தவள் நான். அப்பாவுக்கு முதுகு முடியாமல் போனதும் பகலில் வேலைக்குப் போக வேண்டியதாயிற்று. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், ஃபிரேமுக்குள் உட்காரும் அளவுக்கு லென்ஸைத் தேய்த்துக் கொடுக்கும் வேலை. படிப்பை மாலை வகுப்புக்கு மாற்றிக்கொண்டேன். எத்தனையோ மாலைக் கல்லூரிகள் இருக்க இதில் சேர்ந்ததற்கு ஒரே காரணம், இங்கே பெண்கள் அணி இருக்கிறது என்பதுதான்.

இந்த அணியில் எல்லோருமே வேலைக்குப் போகிறவர்கள். அதனால் பயிற்சி விடியற்காலையில். முதல் நாளே கோச் மேடம் அணியின் முக்கியமான ஆட்ட உத்தியை எனக்கு விளக்கிவிட்டார்.

“நீ பந்தை வச்சுக்கிட்டு வளையத்துக்குப் பக்கத்துல நில்லு. கேப்டன் உன்னை உரசிக்கிட்டு ஓடி வருவா. ‘விடு’ன்னு கத்துவா. கத்தின உடனே விட்டுடணும். யோசிக்கக் கூடாது. புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது மேடம்,” என்றேன்.

புரியாமல் என்ன? பழைய அணியிலும் அதே சொல்தான். அம்பு விடுவதுபோல, பட்டம் விடுவதுபோல, வளையத்தைப் பார்த்துப் பந்தை விடுவது. “விடு!” என்று பின்னாலிருந்து கத்தினால் நான் கண்ணை மூடிக்கொண்டுகூட விடுவேன்.

கேப்டன் ஒரு கால்நடை மருத்துவமனையில் வேலை செய்பவள். ஒல்லியாக, வானத்தைத் தொடும் உயரம். அணியில் அவளுக்கு வைத்த ‘ஒட்டடைக்குச்சி’ என்ற பெயர் நாளடைவில் குச்சி என்றே ஆகிவிட்டது. அவள் என் தோளை உரசிக்கொண்டு ஓடி வந்தாள். “விடு!” என்றாள். விட்டேன். பந்து வளையத்தில் பட்டு வெளியே போனது. குச்சி இரண்டு கைகளையும் ஏந்தியபடி அப்படியே நின்றாள்.

மறுபடியும், “விடு!” மறுபடியும் விட்டேன். பலகைக்கு மேலே பறந்தது.

“விடு, விடு, விடு!” தொண்டை கிழியக் கத்தினாள். மூன்று முறை சொன்னதால் மூன்று மடங்கு வேகத்தில் விட்டேன். பந்து சுவரைத் தாண்டிச் சாலையில் விழுந்தது.

“சொன்னா கேக்க மாட்டியா நீ?” என்றார் கோச் மேடம்.

“சொன்னதைத்தானே மேடம் செஞ்சேன்?”

“வாய் வேற!”

வாரக்கணக்கில் இதே கதைதான். அவள் உரசிக்கொண்டு ஓடி வரும்போது எனக்கு வளையம் சரியாகத் தெரிவதில்லை. அந்த நேரம் பார்த்து ஏன் விடச் சொல்கிறாள் என்று ஆத்திரமாக வந்தது. புதிதாக வந்தவளை எல்லோர் முன்னாலும் கவிழ்க்கப் பார்க்கிறாளோ என்றுகூட நினைத்தேன். பிறகு, குறை என்னிடம்தான் என்று முடிவு கட்டினேன். முழங்கை எந்தக் கோணத்தில் இருக்கிறது, மணிக்கட்டு எப்போது மடிகிறது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பழகினேன். வீட்டு வராந்தாவில் துணிக்கூடையை உயரத்தில் கட்டி, சுருட்டிய காலுறைகளை எறிந்து பார்த்தேன்.

“கூடையில துணி போடுறதுக்கு இவ்வளவு தூரத்துல நிக்கணுமா?” என்று கேட்டாள் அண்ணி.

“குறி தப்புது அண்ணி.”

“தப்புறது குறியா, கவனமா? உங்க அப்பாவோட டீ டம்ளர்ல ஒண்ணு மிதக்குது பாரு.”

உள்ளேயிருந்து அப்பா, “பரவாயில்ல, துவைச்ச சாக்ஸ்தானே?” என்றார். துவைக்காத சாக்ஸ். நான் டம்ளரை எடுத்துக்கொண்டு நழுவினேன்.

குறி நன்றாகத் தேறியது. ஆனால் களத்தில் என் நிலைமை மோசமானது. நன்றாகப் போட்டால் கோச் மேடத்துக்குக் கோபம் இன்னும் அதிகமாக வந்தது! கடைசியில் போன வாரம் என்னைத் தனியே கூப்பிட்டார்.

“அணியில ஒரே ஒரு இடம்தான் காலி. சனிக்கிழமை உன் பழைய காலேஜோட நட்பு ஆட்டம் இருக்கு. அதுல உன்னைப் பாப்பேன். சரிப்பட்டு வந்தா உன் பேரைக் குடுப்பேன். இல்லைன்னா இந்த வருஷம் நீ வேடிக்கைதான் பாக்கணும்.”

அன்று கடையில் ஒரு லென்ஸை வலது கண்ணுக்குப் பதில் இடது கண்ணுக்குத் தேய்த்துவிட்டேன். விளையாட்டும் இல்லையென்றால் பின்னறை, வகுப்பறை, வீடு. மூன்றிலும் உட்கார்ந்திருக்க மட்டும்தான் முடியும். இந்த அணிக்காகத்தானே மற்ற மாலைக் கல்லூரிகளை விட்டு இங்கே வந்தேன்?

வியாழக்கிழமை காலை. பயிற்சி முடிந்து ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுக் காலை நீட்டியிருந்தேன். எங்கிருந்தோ வந்த ஒரு நாய் என் ஷூவைக் கவ்விக்கொண்டு களத்தின் நடுவே நின்றது. துரத்தினால் ஓடும், நின்றால் அதுவும் நின்று வாலை ஆட்டும். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். குச்சி மட்டும் எழுந்து அதன் அருகே போனாள். தாழ்ந்த குரலில், “விடு,” என்றாள்.

நாய் வாயைத் திறந்தது. ஷூ ‘பொத்’தென்று அவள் காலடியில் விழுந்தது.

“பாத்தியா,” என்றாள் ஒருத்தி. “நாய்க்குக்கூட ‘விடு’ன்னா புரியுது. நம்ம புதுசுக்குத்தான் புரிய மாட்டேங்குது.”

எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஷூ விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாய் அதை எறியவில்லை. வைத்திருந்ததை விட்டது.

“இருங்க, இருங்க,” என்று எழுந்தேன். “நீங்க ‘விடு’ன்னா... பந்தை உங்க கையில விட்டுடணுமா?”

குச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “பின்ன என்னன்னு நெனச்சே?”

“வளையத்துல விடச் சொல்றீங்கன்னு.”

குச்சி தரையிலேயே உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டாள். “ஐயையோ! அதான் நான் கத்தக் கத்த நீ எறிஞ்சியா? நானும் இவ்வளவு நாளா, திமிர் பிடிச்சவ, அடுத்தவ கையில பந்து போகவே கூடாதுங்கிறான்னு...”

“நானும் நீங்க என்னைக் கவிழ்க்கப் பாக்கிறீங்கன்னுதான் நெனச்சேன்.”

“முதல்ல இந்த ‘நீங்க’ ‘வாங்க’வை விடுடி!” என்றாள். உடனே, “எறியாதே, விடு!” என்று சேர்த்துக்கொண்டாள்.

அந்த உத்தியில் நான் பந்து எறிபவளே இல்லை, ஒரு தூண். குச்சி என்னை உரசிக்கொண்டு போகும்போது அவளைத் துரத்தி வருபவள் என்மேல் முட்டி நிற்பாள். பந்து குச்சியின் கையில் சத்தமில்லாமல் போய்ச் சேரும். பழைய அணியில் இப்படி ஒரு வேலையே கிடையாது. எல்லாரும் எனக்குத் தருவார்கள், நான் எறிவேன். இத்தனை நாள் தேறியதெல்லாம் வேறொரு வேலைக்கு!

சொல்லை மாற்றியாக வேண்டும் என்றார் கோச் மேடம். அங்கேதான் பெரிய ரகளை.

“விடுறதுக்குக் ‘குடு’ன்னு சொல்லலாம்.”

“குடு, விடு, கூட்டத்துல ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்கும்.”

“எறியறதுக்குப் ‘போடு’?”

“‘இங்க போடு’ன்னா எனக்குப் பாஸ் குடுன்னு ஆயிடும். அதுவுமில்லாம, தூரத்துல இருந்து ‘போடி’ன்னு கேக்கும். நடு ஆட்டத்துல சண்டை வந்துடும்.”

“‘அடி’?”

“நடுவர் நம்ம எல்லாரையும் வெளிய அனுப்பிடுவார்டி!”

வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஒருத்தி பையைத் தூக்கிக்கொண்டே, “இன்னைக்கும் லேட்டாப் போனா எங்க மேனேஜர் நிரந்தரமா லீவு குடுத்துடுவார்,” என்று முனகினாள். குச்சி சட்டென்று நிமிர்ந்தாள்.

“லீவு! பந்தை விடணும்னா ‘லீவு’. எறியணும்னா ‘வேலை’.”

“கேக்கிறவங்க ஆபீஸ்னு நெனப்பாங்க,” என்றார் கோச் மேடம். ஆனால் முதல்முறையாக அவர் சிரித்ததை நான் பார்த்தேன்.

இன்று அந்த ஆட்டம். பழைய தோழிகள் கையசைத்தார்கள். அவர்களுடைய கேப்டன், நாங்கள் வாயாடி என்று கூப்பிடுபவள், ஓடி வந்து என் கன்னத்தைக் கிள்ளினாள். “அங்க உன்னை நல்லா வச்சிருக்காங்களா?” என்று கேட்டாள். தலையாட்டினேன். அது எந்தப் பக்கம் ஆடியது என்று எனக்கே தெரியாது.

ஆட்டம் தொடங்கியது. “லீவு!” விட்டேன். குச்சி உள்ளே பாய்ந்தாள், கூடை! இன்னொரு “லீவு!” மறுபடியும் கூடை! என்னைக் காவல் காத்தவள், “என்னடி, ஓயாம லீவு கேக்கிறீங்க?” என்றாள். “வேலை!” என்று குச்சியின் குரல் வந்தது. காலுறை எறிந்து பழகிய கை, அதுவும் விழுந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கூச்சல் போட்டார்கள். நானே எறிந்து விழுந்ததைவிட, நான் விட்ட பந்து குச்சியின் கையிலிருந்து விழும்போது அதிகமாகக் குதித்தேன். ஏன் என்று யோசிக்க அப்போது நேரமில்லை.

கடைசி நிமிடம். அவர்கள் மூன்று புள்ளி முன்னே. பந்து அவர்களுடைய இடது கைக்காரியிடம். வாயாடி அவளை நோக்கி ஓடிக்கொண்டே கத்தினாள்: “விடு!”

எங்கள் ஆட்கள் எல்லோரும் வாயாடியை மறிக்கப் பாய்ந்தார்கள். இந்த அணியின் காதுக்கு ‘விடு’ என்றால் அவள் கைக்குப் பந்து போகப்போகிறது என்றுதானே அர்த்தம்? என் காது மட்டும் பழையது. நான் வாயாடியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடது கைக்காரிக்கு முன்னால் எம்பினேன். பந்து அவள் கையைவிட்டுக் கிளம்பவும் என் விரல் நுனி படவும் சரியாக இருந்தது. அது கீழே விழுந்தது. அள்ளிக்கொண்டு ஓடினேன்.

எதிர் வளையம் நெருங்கியது. ஒருத்தி குறுக்கே வந்து நின்றாள். பின்னாலிருந்து குச்சியின் குரல்: “விடு!”

பரபரப்பில் புதுச் சொல்லை மறந்துவிட்டாள். என் கை தானாக உயர்ந்தது. பல வருடப் பழக்கம். அதே சமயம் அவள் ஷூ தரையில் கீச்சிடும் சத்தம், என் முதுகுக்குப் பின்னால், இடப் பக்கம், நெருங்கி நெருங்கி வந்தது. உயர்ந்த கையை இறக்கி, பந்தை விட்டேன்.

குச்சி எடுத்தாள். போட்டாள். விழுந்தது! விசிலும் ஊதியது.

ஒரு புள்ளியில் தோற்றோம். ஆனால் எங்களைப் பார்த்தால் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். குச்சி என்னைத் தூக்கிச் சுற்றினாள்.

“கடைசியில நான் ‘விடு’ன்னா கத்தினேன்? ஐயோ! அப்புறம் எப்படிடி நீ எறியாம இருந்தே?”

“உன் ஷூ சத்தம் கேட்டுச்சு.”

கோச் மேடம் மெதுவாக நடந்து வந்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கையிலிருந்த, மூடி திறந்த தண்ணீர் பாட்டிலை இறுக்கிப் பிடித்தேன்.

“திங்கக்கிழமையில இருந்து,” என்றார், “உனக்கு லீவு...”

அந்தச் சொல் காதில் விழுந்ததும் என் கை பாட்டிலை விட்டுவிட்டது. அது உருண்டு போய் அவர் காலில் இடித்தது. தண்ணீரெல்லாம் அவர் ஷூவில்.

“...கிடையாதுன்னு சொல்ல வந்தேன்,” என்று முடித்தார். “பரவாயில்ல, விடு.”

எதை விடுவது என்று இந்த முறை நான் கேட்கவில்லை.