இரண்டு பக்கமும் எரிந்த விளக்கு

முத்துக்குமரனை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்காது. அதைச் சொல்லிவிட்டுத் தொடங்குவதுதான் நியாயம். உடன்குடிப் பக்கத்து ஆள். என் கடைக்கு நேர் எதிரே இடம் பிடித்து, கார் வயரிங் என்று போர்டு மாட்டினான். டிப்ளமோ படித்தவன். வண்டி வந்து நின்றால் பானட்டைத் திறப்பதற்கு முன்னால் போனைத் திறப்பான். அதில் வயரிங் படம் இருக்கும். எந்த வயர் எங்கே போகிறது என்று விரலால் தடவித் தடவிப் பார்த்துவிட்டுத்தான் ஸ்குரூ டிரைவரையே எடுப்பான். எனக்கு எரிச்சலாக வரும்.

நான் கிளாட்வின். திரேஸ்புரத்தில் இருபத்திரண்டு வருஷமாகக் கார்களுக்கு வயர் மாட்டுகிறேன். எங்கள் வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போனவர்கள். எனக்கு மட்டும் படகில் ஏறினால் குடல் வாய்க்கு வந்துவிடும், அதனால் கரையிலேயே தங்கிவிட்டேன். ஆனால் வலை முடிச்சு கையில் இருந்தது. இரண்டு வயரைச் சேர்க்க வேண்டுமானால் முறுக்கி, அதன்மேல் வலை நூலை இறுக்கிச் சுற்றி, முடிச்சுப் போட்டு, டேப்பை ஒட்டிவிடுவேன். ஈயம் வைத்துப் பற்றவைக்கிற வேலையெல்லாம் கிடையாது. வண்டிக்காரனிடம் கொடுத்து இழுத்துப் பார் என்பேன். இழுப்பான், வராது. கடலே அவிழ்க்காத முடிச்சு என்று சொல்லிச் சிரிப்பேன். ஊரில் என் ஜாயிண்டுக்கு அப்படி ஒரு பேர் இருந்தது.

ஒரு நாள் டீக்கடையில் முத்துக்குமரன் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னான். முடிச்சு நல்ல முடிச்சுதான், ஆனால் நூல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், இந்த உப்புக்காற்றில் உள்ளே செம்பு கெட்டுப்போகும் என்றான். பனங்காட்டில் இருந்து வந்தவன் எனக்கு உப்பைப் பற்றிப் பாடம் எடுக்கிறானா என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டேன். டீக்கடையே சிரித்தது. அவனும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு டம்ளரை வைத்துவிட்டுப் போனான். அன்றைக்கு எனக்கு இரண்டு வடை கூடுதலாக இறங்கியது.

பாஸ்கல் வாடகைக் கார் வைத்திருக்கிறான். கப்பலில் இருந்து இறங்குகிற மாலுமிகளை ஹார்பர் கேட்டில் ஏற்றி விமான நிலையத்தில் கொண்டுபோய் விடுவது அவன் பிழைப்பு. கேட் பக்கம் நிற்கும்போது நாலு இன்டிகேட்டரும் சேர்ந்து மினுங்க வேண்டும் என்று கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் சொன்னார்களாம். அவனுடைய பழைய காரில் அந்த வசதி இல்லை. என்னிடம்தான் முதலில் வந்தான். நான் கல்யாண வேலையாக மணப்பாடு போயிருந்தேன். அவன் எதிர்க்கடைக்குப் போய்விட்டான். முத்துக்குமரன் புது ஸ்விட்ச் ஒன்றும் விளக்கை மினுங்க வைக்கிற புது ரிலே ஒன்றும் மாட்டிக் கொடுத்தான். திரும்பி வந்து அதைக் கேள்விப்பட்டதும் பாஸ்கலிடம் நாலு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஒரு மாதம் கூட ஆகியிருக்காது. இருட்டத் தொடங்குகிற நேரத்தில் பாஸ்கல் தெருவுக்குள் திரும்ப வலது பக்க இன்டிகேட்டரைப் போட்டு பிரேக்கை மிதித்திருக்கிறான். பின்னால் பைக்கில் ஜெஸ்டின் வந்தான். விசைப்படகில் வேலை பார்க்கிறவன். கார் திரும்பும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. வலது பக்கமாக ஏறி வந்தவன் காரின் கதவில் மோதி விழுந்தான். முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அவன் எல்லோரிடமும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னான். காரின் பின்னால் இரண்டு பக்கமும் எரிந்தது, அதனால் வண்டி நிற்கிறது என்று நினைத்தேன் என்றான்.

இரண்டு பக்கமும் எரிந்தது என்றால் புது ஸ்விட்ச்தான் காரணம் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். ஊரும் அதைத்தான் சொன்னது.

எங்கள் பக்கம் இந்த மாதிரி வழக்கு போலீசுக்குப் போவதற்கு முன்னால் ஊர்க் கமிட்டிக்கு வரும். பத்து நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சிலுவை நிற்கிற குருசடிக்குப் பக்கத்தில் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஜெஸ்டினைக் காலில் மாவுக்கட்டோடு நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். அவன் மனைவி விஜிலா பின்னால் நின்றாள். முத்துக்குமரனும் வந்திருந்தான். வண்டியைச் சோதித்துச் சொல்ல வேண்டியது நான். கமிட்டித் தலைவர் டிக்சன் என்னைக் கூப்பிட்டபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

வலது பக்க இன்டிகேட்டரைப் போட்டு பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். வலது பக்கம் மினுங்கியது. இடது பக்க இன்டிகேட்டரும் மங்கலாக எரிந்தது, பிரேக்கை விட்டதும் அணைந்தது. கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. ஜெஸ்டின் சொன்னது உண்மைதான் என்று ஆகிவிட்டது. எல்லோரும் முன்பக்கம் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருந்த புது ஸ்விட்சையே பார்த்தார்கள்.

எனக்கு மட்டும் அந்த மங்கல் வெளிச்சம் உறுத்தியது. ஸ்விட்ச் கோளாறாக இருந்தால் விளக்கு முழு வெளிச்சத்தில் மினுங்க வேண்டும். பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் மங்கலாக எரிகிறது என்றால் பின்பக்க விளக்குக்கு எர்த் இல்லை என்று அர்த்தம். பிரேக் விளக்குக்குப் போன கரண்ட் திரும்பிப் போக வழி இல்லாமல் இன்டிகேட்டர் வழியாகப் போகிறது. இது தொழிலில் அரிச்சுவடி. டிக்கியைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, பக்கத்துத் தகட்டைக் கழற்றினேன்.

உள்ளே என் முடிச்சு இருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பின் விளக்கு மாற்றும்போது எர்த் வயரில் நான் போட்டது. டேப் உரிந்திருந்தது. நூலும் முடிச்சும் போட்ட மாதிரியே இறுக்கமாக இருந்தன. விரலால் அழுத்தினேன். நூலுக்குள்ளிருந்து பச்சைத் தூள் கொட்டியது. வயரே இல்லை.

கை தானாகச் செய்துவிட்டது என்று சொன்னால் அது பொய். யோசித்துத்தான் செய்தேன். கூட்டம் முன்பக்கம் நின்றது. டிக்கிக்குள் நான் மட்டும்தான் இருந்தேன். கட்டிங் பிளேயரால் முடிச்சை வெட்டி எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன். வயரை நல்ல செம்பு தெரிகிற இடம் வரை சீவி, எர்த் கிடைக்கப் பக்கத்தில் இருந்த போல்ட்டில் சுற்றி முறுக்கினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பிறகு முன்பக்கம் வந்து, முத்துக்குமரன் மாட்டிய ரிலேயைப் பிடுங்கி, பாஸ்கல் எடுத்து வைத்திருந்த பழையதை மாட்டி, இப்போது பாருங்கள் என்றேன். வலது பக்கம் மட்டும் அழகாக மினுங்கியது. கையில் இருந்த ரிலேயைத் தூக்கிக் காட்டினேன்.

முத்துக்குமரன் அதை என் கையிலிருந்து வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வண்டி சரியானதை அவன் கண்ணாலேயே பார்த்துவிட்டான். ஜெஸ்டின் நாற்காலியில் இருந்தபடியே கத்தத் தொடங்கினான். வலியிலும் ஆத்திரத்திலும் மனுஷன் பேசுவதற்கு ஒரு அளவு உண்டு. அவன் அளவைத் தாண்டினான். முத்துக்குமரனைப் பெற்றவளை இழுத்து ஒரு வார்த்தை சொன்னான். அதை நான் எழுத மாட்டேன். முத்துக்குமரனின் முகம் கறுத்துச் சுருங்கியது. தலையைக் குனிந்துகொண்டு, தப்பு என்னுடையதுதான், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அவனைப் பார்த்துக் கும்பிட்டான். இனிமேல் டாக்ஸி ஸ்டாண்டு வண்டிகள் எதையும் அவன் தொடக்கூடாது என்று கமிட்டி சொன்னது. அதற்கும் சரி என்றான். நான் வீட்டுக்குப் போகிற வழியில் பையில் இருந்த முடிச்சைச் சாக்கடையில் எறிந்தேன்.

மறுநாள் கடை திறந்ததும் அவன் வந்தான். கண் சிவந்திருந்தது. கையில் அந்த ரிலேயும் ஒரு நோட்டும் இருந்தன.

"அண்ணாச்சி, எவ்வளவு யோசிச்சும் பிடிபட மாட்டேங்குது. இந்த ரிலே எப்படி அந்த வேலயச் செஞ்சுதுன்னு எனக்குக் காட்டித் தாங்க. இதே மாதிரி இன்னும் பதினோரு வண்டியில மாட்டிருக்கேன். அதெல்லாம் ரோட்டுல ஓடுதுல்லா."

பதினோரு வண்டியின் நம்பரையும் நோட்டில் எழுதி வைத்திருந்தான். என் முடிச்சு எத்தனை வண்டியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நூறோ, முந்நூறோ. எதையும் நான் எழுதி வைத்தவன் இல்லை. சில ரிலே இப்படித்தான், மட்டமான சரக்கு என்று ஏதோ உளறினேன். அவன் அதையும் நம்பினான். நன்றி சொல்லிவிட்டுப் போனான். அன்றைக்கு மத்தியானச் சோறு எனக்கு இறங்கவில்லை.

அடுத்த மூன்று நாளும் அவன் பைக்கில் அலைந்தான். ஒவ்வொரு வண்டிக்காரன் வீட்டுக்கும் போய், தன் வேலையில் பிழை இருப்பதாகத் தானே சொல்லி, ஸ்விட்சையும் ரிலேயையும் கழற்றிக்கொண்டு வந்தான். சிலர் திட்டியிருக்கிறார்கள். சாகுபுரத்தில் ஒருவர் வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினாராம். இதையெல்லாம் டீக்கடையில் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். நானும் அந்த பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். கழற்றிக் கொண்டுவந்த ரிலேக்களைக் கடை மேசையில் வரிசையாக வைத்து ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருந்தான். எல்லாம் நல்ல ரிலே. அவனுக்குக் கோளாறு கிடைக்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். இந்த மனுஷனையா நான் அப்படிச் செய்தேன் என்று எனக்கே அருவருப்பாக இருந்தது.

நேரே ரோட்டைத் தாண்டிப்போய் அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். அதற்குத் தைரியம் வரவில்லை. அதனால் ஜெஸ்டின் வீட்டுக்குப் போனேன். அவன் கோபக்காரன், நாலு சாத்து சாத்துவான், அதோடு கணக்கு முடிந்துவிடும் என்று ஒரு மட்டமான ஆசை. கட்டிலில் கிடந்தவனிடம் ஒன்று விடாமல் சொன்னேன். டிக்கியில் என் முடிச்சு இருந்ததை, அதை வெட்டியதை, ரிலேயைத் தூக்கிக் காட்டியதை. விஜிலா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

ஜெஸ்டின் கையை ஓங்கவில்லை.

"காலு ஒடஞ்சத விடு. அது கூடிரும். அந்த ஆளு அம்மய நான் சொன்ன சொல்லு இருக்கே, அத எங்கன போய்ப் பொறுக்க? என் வாய வச்சுல்லா நீ அவன அடிச்சிருக்க."

பிறகு தன்னை இப்போதே அங்கே கூட்டிக்கொண்டு போகச் சொன்னான். காலை அசைக்கக் கூடாது என்று விஜிலா தடுத்துப் பார்த்தாள். அவன் கேட்கவில்லை. ஆட்டோ பிடித்து வந்தேன். ஏற்றும்போது என் தோளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். அவன் விஜிலாவின் தோளைப் பிடித்துக்கொண்டான்.

முத்துக்குமரன் கடையில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். அவனுடைய அம்மா செல்லத்தாய் தூக்குவாளியில் சோறு கொண்டுவந்து பரிமாறிக்கொண்டிருந்தார். ஜெஸ்டினைக் கட்டோடு பார்த்ததும் முத்துக்குமரன் எச்சில் கையோடு எழுந்து, நாற்காலியை இழுத்துப் போட்டான். ஜெஸ்டின் உட்காரவில்லை. ஒரு கையால் விஜிலாவைப் பிடித்துக்கொண்டு, நடந்ததை நாலே வரியில் சொன்னான். வண்டியில் இருந்த பிழை கிளாட்வினுடைய முடிச்சு, உன் ரிலே இல்லை என்றான். முத்துக்குமரன் மேசையில் இருந்த ரிலேக்களைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் முகத்தில் முதலில் வந்தது நிம்மதி. வேலை தப்பாகவில்லை என்ற நிம்மதி. எனக்குத் தரையில் புதைந்துவிடலாம் போல இருந்தது.

ஜெஸ்டின் செல்லத்தாய் பக்கம் திரும்பினான்.

"அம்மா, அன்னைக்கு உங்கள ஒரு வார்த்த சொல்லிட்டேன். ஊரு முன்னால வச்சுச் சொன்னேன். என்ன மன்னிச்சிருங்க."

முத்துக்குமரன் சட்டென்று அவனைத் தடுக்கக் கையை நீட்டினான். அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. அவன் அதை வீட்டில் சொல்லவே இல்லை. ஊர் முன்னால் தப்பை ஒப்புக்கொண்டதைச் சொல்லியிருக்கிறான், ஸ்டாண்டு வண்டி கிடையாது என்பதைச் சொல்லியிருக்கிறான். இதை மட்டும் தனக்குள் வைத்துக்கொண்டு பத்து ஊர் சுற்றியிருக்கிறான்.

அந்த அம்மாள் கரண்டியை வாளியில் வைத்தார். மகனைப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஜெஸ்டினைப் பார்த்தார். அவன் அழுதுகொண்டிருந்தான். கடைசியில் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"என்னய என்ன சொன்னாவ, ஐயா?"

அந்த வார்த்தையைச் சொன்னவன் ஜெஸ்டின். சொல்ல வைத்தவன் நான். அதனால் கேள்வி சரியான ஆளிடம்தான் வந்திருந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் என் கடை திறந்தே கிடந்தது, ஒருவன் காரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். நான் அந்த அம்மாளின் முன்னால் நின்று, சொல்லத் தொடங்கினேன்.