கண்ணாடிக்குப் பின்னால் அத்தை

கல்யாணமாகி இரண்டு வருஷமாகியும் அத்தை வாய்விட்டுச் சிரித்து மருமகள் பார்த்ததில்லை. அத்தை பல் டாக்டர். "அடுத்தவங்க வாயைத் திறக்க வைக்கிறதுதான் அம்மாவுக்குத் தொழில். சொந்த வாயை எதுக்குத் திறக்கணும்?" என்பாள் நாத்தனார். குழம்பில் உப்புக் கூடினாலும் சரி, குறைந்தாலும் சரி, அத்தையிடமிருந்து வருவது ஒரே ஒரு "ம்". அந்த "ம்"முக்கு என்ன அர்த்தம் என்று மருமகள் நாளெல்லாம் மண்டையைக் குடைந்துகொள்வாள்.

அப்பேர்ப்பட்ட அத்தை, தெருமுனையில் புதிதாகத் திறந்த தன் கிளினிக்கை மருமகளையே படமெடுக்கச் சொல்லிவிட்டார். "வெளியாள் எதுக்கு? நம்ம வீட்டுலயே காமிரா இருக்கே." காமிராதான் இருக்கிறதாம், காமிராக்காரி இல்லையாம். இருந்தாலும் மருமகளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

காலை ஒன்பது மணிக்கு அவளும் நாத்தனாரும் கிளினிக்குக்கு எதிர்ப்பக்கம் காமிரா முக்காலியை நிறுத்தினார்கள். கிளினிக்கின் முகப்பு முழுக்கக் கண்ணாடி. உள்ளே ஒன்றும் தெரியவில்லை. அவர்களுக்குப் பக்கத்திலிருந்த டயர் கடைக்காரர் மலைபோல் குவித்திருந்த பழைய டயர்கள்தான் அதில் பளபளவென்று தெரிந்தன.

"பல் ஆஸ்பத்திரியா, பஞ்சர் கடையா அண்ணி?"

"இரு, இதுக்கு மருந்து வெச்சிருக்கேன். அந்தச் சின்ன டப்பாவுல போலரைசர் ஃபில்டர் இருக்கு, கண்ணாடியில விழற பிம்பத்தை மறைச்சிடும், எடு."

நாத்தனார் எடுத்துக் கொடுத்தாள். ரொட்டியும் ஜாமும் தின்றுகொண்டிருந்த கை. ஃபில்டரின் நட்டநடுவில் கட்டைவிரல் ரேகை சிவப்பாகப் பதிந்திருந்தது. அய்யய்யோ என்று அவள் துப்பட்டா நுனியைத் தூக்கினாள்.

"கை வெக்காதே! தூசியோட துடைச்சா கீறல் விழும்."

மருமகள் சின்ன ரப்பர் குமிழை அமுக்கிக் காற்றடித்துத் தூசியை விரட்டினாள். மெல்லிய துணியில் லென்ஸ் துடைக்கும் திரவத்தில் ஒரே ஒரு சொட்டு விட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுற்றிச் சுற்றித் துடைத்தாள். துணியின் காய்ந்த பக்கத்தால் இன்னொரு தடவை. வெயிலில் சாய்த்துப் பார்த்தாள். ரேகையும் இல்லை, ஜாமும் இல்லை. லென்ஸில் திருகி மாட்டினாள்.

கண்ணாடிக்கு நேர் எதிரே நின்றால் ஃபில்டர் வேலை செய்யாது. அதனால் முக்காலியைச் சற்று ஓரமாக நகர்த்தி, காமிராவில் கண்ணை வைத்து, ஃபில்டரின் வெளிவளையத்தை மெதுவாகத் திருப்பினாள். டயர்கள் மங்கின. இன்னும் கொஞ்சம் திருப்பினாள். டயர் மலை கரைந்தே போயிற்று. உள்ளே நாற்காலிகள் தெரிந்தன, கடிகாரம் தெரிந்தது.

அப்புறம் அத்தை தெரிந்தார்.

வெள்ளைக் கோட்டும் அதுவுமாக, பிள்ளைகளுக்குப் பல் துலக்கச் சொல்லிக்கொடுக்க வைத்திருந்த முழ நீளப் பிரஷ்ஷை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அத்தை ஆடிக்கொண்டிருந்தார். சும்மா அசைவதல்ல. இடுப்பு ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம், நாற்காலிகளுக்கு நடுவே ஒரு சுழற்சி!

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு நகர்ந்தாள். நாத்தனார் எட்டிப் பார்த்தாள். "எங்கம்மாவா? எங்கம்மாவேவா?" என்று அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள். வளையத்தைத் திருப்பினால் டயர், திருப்பினால் அத்தை. டயர், அத்தை. டயர், அத்தை. இருவருக்கும் சிரித்துச் சிரித்து வயிறு இழுத்துப் பிடித்துக்கொண்டது.

முதல் நோயாளியாக வந்த தபால்காரர், வீங்கிய கன்னத்தோடு, "என்னம்மா அதிசயம்?" என்று தானும் குனிந்து பார்த்தார். "ஹா" என்று ஆரம்பித்த சிரிப்பு "ஆ!" என்று முடிந்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் மறுபடி மறுபடி குனிந்தார்.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. அத்தை தெருவைக் கடந்து வந்தார். வழக்கமான முகம்.

"முடிஞ்சுதா?"

மூவரும் காமிராவை விட்டு விலகினார்கள். அத்தை குனிந்து காமிராவில் கண் வைத்தார். நாற்காலிகள், கடிகாரம், கீழே போட்டுவிட்டு வந்த பிரஷ் எல்லாம் அதில் துல்லியமாகத் தெரிந்தன. மெல்ல நிமிர்ந்தார்.

"எவ்வளவு நேரமா?"

"இப்பதான் அத்தை, இப்பதான்..."

"பத்து நிமிஷமா டாக்டரம்மா," என்றார் தபால்காரர். "நடுவுல ஒரு சுத்து சுத்துனீங்க பாருங்க, அடடா!"

"ம்" என்றார் அத்தை.

மருமகள் அவசரமாக முக்காலியை மடக்கப் போனாள். அத்தையோ வளையத்தில் விரலை வைத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு மகளிடம், "அடியே, உள்ள போ. ஆடு" என்றார்.

நாத்தனாருக்கு இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. உள்ளே ஓடிக் கையையும் காலையும் நாலு திசைக்கும் வீசினாள். காமிராவில் குனிந்திருந்த அத்தையின் தோள் குலுங்கியது. அடுத்த நொடி, தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஒரு சிரிப்பு வெடித்தது. மருமகள் முதன்முதலாக அத்தையின் பற்களைப் பார்த்தாள். முன்பல் ஒன்று பக்கத்துப் பல்லின் தோளில் கை போட்டதுபோல் கொஞ்சம் ஏறியிருந்தது. அவ்வளவு அழகாக இருந்தது.

"நீ என்ன வேடிக்கை பாக்கறே? நீயும் போ."

"நானா? காமிரா, அத்தை..."

"நான் பிடிச்சுக்கறேன், போ கண்ணு!"

கண்ணு! மருமகள் பறந்தாள். அவள் பின்னாலேயே தபால்காரரும் பையோடு நுழைந்துவிட்டார்.

பதினொரு மணிக்குத்தான் அவர் சிகிச்சை நாற்காலியில் சாய்ந்தார். அத்தை முணுமுணுப்பாகப் பாடிக்கொண்டே ஊசியை எடுக்க, அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"டாக்டரம்மா, கை ஆடாதில்ல?"

"ஆடினது காலு. கை ஆடாது. வாயைத் திறங்க."